கையால் வரையும் கோடு

எங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு விதிதான். மாடலை ஓட்டுவதற்கு முன்னால், என்ன வரும் என்று ஒவ்வொருவரும் ஒரு தாளில் கையால் வரைந்து கேமராவுக்கு முன்னால் பிடிக்க வேண்டும். படுக்கைக் கோட்டில் காலம். நிற்கும் கோட்டில், எதைப் பற்றிக் கவலைப்படுகிறோமோ அது: ஏரியில் இருக்கும் தண்ணீர், ஆஸ்பத்திரி வரிசையில் காத்திருப்பவர்கள், ஒரு ஊரில் ஓடும் பஸ்கள். கோடு ஏறுமா, இறங்குமா, ஊஞ்சல் மாதிரி ஆடுமா, ஏறிப்போய் ஓரிடத்தில் சமமாகிவிடுமா? எல்லோரும் வரைந்து காட்டிய பிறகுதான் அன்றைக்குப் பேசுகிறவர் ரன் பட்டனை அழுத்தலாம்.

இந்த விதியைக் கொண்டுவந்தது யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. ஏன் கொண்டுவந்தோம் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். கம்ப்யூட்டர் கோட்டைக் காட்டிய பிறகு கேட்டால் எல்லோருமே “நானும் இதைத்தான் நினைச்சேன்” என்போம். பொய் சொல்கிறோம் என்றுகூட அப்போது தோன்றாது. மனசு அவ்வளவு வேகமாகத் தன்னைத் திருத்தி எழுதிக்கொள்ளும். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் நாம் என்ன நினைத்தோம் என்பதற்குப் பென்சில் கோடு மட்டும்தான் சாட்சி.

இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, நம் நேரப்படி இரவு ஏழரைக்குக் கூடுவோம். அப்போது நைரோபியில் மாலை ஐந்து. மணிலாவில் இரவு பத்து. பொகோட்டாவில் காலை ஒன்பது, ஆகவே அங்கிருந்து வருபவரின் கையில் எப்போதும் காபிக் கோப்பை இருக்கும். நெதர்லாந்துப் பையன் மட்டும் குளிர்காலத்தில் மூன்று மணிக்கும் கோடையில் நான்கு மணிக்கும் வருவான். அதிகபட்சமாகப் பதினொரு பேர் இருந்திருக்கிறோம், குறைந்தபட்சமாக மூன்று பேர். ஆசிரியர் இல்லை. சான்றிதழ் இல்லை. பாதிப்பேர் முனைவர் பட்ட மாணவர்கள், மற்றவர்கள் முதுகலை முடித்துவிட்டு வேலைக்கும் ஆராய்ச்சிக்கும் நடுவில் ஊசலாடுகிறவர்கள். அவர்கள் பெயரை எழுத எனக்கு அனுமதி இல்லை. ஊர்ப் பெயராலேயே சொல்கிறேன்.

நாங்கள் படிப்பது சிஸ்டம் டைனமிக்ஸ். பெயரைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறதல்லவா? தொட்டியில் நிற்கும் தண்ணீர் இருப்பு. மோட்டார் ஏற்றுவது உள்வரத்து, குழாய் வழியாகப் போவது செலவு. தொட்டி காலியாகிறது என்று தெரிந்ததும் அம்மா கீழே போய் சுவிட்சைப் போடுகிறாள். அது பின்னூட்டம். “தண்ணி வரலை” என்று யாராவது குளியலறையில் இருந்து கத்தி, அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுப் போய் மோட்டாரைப் போட்டு, தண்ணீர் மேலே வந்து சேரும்வரை ஆகும் நேரம் தாமதம். இருப்பு, பாய்வு, பின்னூட்டம், தாமதம். இந்த நான்கையும் வைத்துத்தான் ஊரையும் உலகத்தையும் எழுதிப் பார்க்கிறோம்.

இவ்வளவு எளிதா என்றால், இல்லை. லிண்டா பூத் ஸ்வீனியும் ஜான் ஸ்டெர்மனும் 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எம்ஐடி மேலாண்மைப் பள்ளியில் படிக்கும் மாணவர்களிடம் ஒரு குளியல் தொட்டியைக் கொடுத்து, உள்ளே வருவதும் வெளியே போவதும் இப்படி இருந்தால் தொட்டியின் மட்டம் எப்படி மாறும் என்று வரையச் சொன்னார்கள். கணக்கில் கெட்டிக்கார மாணவர்களிலேயே பலர் தடுமாறினார்கள். உள்ளே வருவது குறைந்தால் மட்டமும் குறையும் என்று மனசு நம்பிவிடுகிறது. அப்படியல்ல. உள்ளே வருவது குறைந்தாலும், வெளியே போவதைவிட அது அதிகமாக இருக்கும்வரை மட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். காற்றில் கரியமில வாயு சேர்வதும் அப்படித்தான், வீட்டுக் கடனும் அப்படித்தான். “இந்த வருஷம் கம்மியாத்தான் கடன் வாங்கினோம்” என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளும் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் சீக்கிரம் புரியும்.

நான் அப்படி ஒரு குடும்பம். பல்லடம் பக்கம் ஐந்து ஏக்கர். தாத்தா காலத்துக் கிணறு ஒன்று, அப்பா போட்ட போர் இரண்டு. அதில் ஒன்று புகைந்துபோனது. எங்கள் பக்கத்தில் போர் போட்டுத் தண்ணீர் வராமல் வெறும் கல்தூள் பறந்தால் புகைந்துபோச்சு என்பார்கள்.

என் ஆய்வும் நிலத்தடி நீர்தான். என் துறையில் இந்த முறையில் வேலை செய்கிறவள் நான் ஒருத்திதான். என் நெறியாளர் நல்ல மனிதர், நீரியல்காரர். பாறை, மழை, ஊறல் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் என் மாடலைத் திறந்து காட்டினால், வட்டவட்டமாக ஓடும் அம்புக்குறிகளைப் பார்த்துவிட்டு, “இது என்னம்மா, ரங்கோலி மாதிரி இருக்கு?” என்பார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்பார். பதில் சொல்ல எனக்கும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். புத்தகம் இருந்தது. ஸ்டெர்மனின் பிசினஸ் டைனமிக்ஸ், தலையணைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். மென்பொருள் இருந்தது. வென்சிமில் படிக்கிறவர்களுக்கு இலவசப் பதிப்பு கிடைக்கிறது, இன்சைட் மேக்கரை பிரவுசரிலேயே ஓட்டலாம். இல்லாதது ஒன்றுதான்: “இந்த இடத்தில் ஏன் இப்படி வைத்தாய்?” என்று கேட்கும் இன்னொரு மனுஷர்.

இந்தத் துறையின் தொடக்கமும் அப்படி ஒரு பேச்சில்தான். ஜே ஃபாரஸ்டர் 1918-இல் நெப்ராஸ்காவில் ஒரு மாட்டுப் பண்ணையில் பிறந்தவர். கரண்டு இல்லாத பண்ணை. பள்ளிக்கூடம் படிக்கும்போதே பழைய கார் பாகங்களை வைத்துக் காற்றாலை ஒன்றைக் கட்டி வீட்டுக்கு வெளிச்சம் கொண்டுவந்தார். பிறகு எம்ஐடியில் கம்ப்யூட்டர் கட்டினார், காந்த வளைய நினைவகத்தைக் கண்டுபிடித்தார். 1956-இல் அதையெல்லாம் விட்டுவிட்டு மேலாண்மைப் பள்ளிக்குப் போனார். ஜெனரல் எலெக்ட்ரிக் ஆட்கள் அவரிடம் ஒரு புதிரைச் சொன்னார்கள். கென்டகியில் இருந்த அவர்களுடைய ஆலையில் சில வருஷம் மூன்று நான்கு ஷிஃப்ட் ஓடுகிறது, அடுத்த சில வருஷத்தில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. ஏன்? சந்தையின் ஏற்றத்தாழ்வு என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஃபாரஸ்டர் ஒரு நோட்டை எடுத்து, சரக்கு இருப்பு, ஆர்டர், ஆட்கள் என்று பத்தி பிரித்து, வாரம் வாரமாகப் பென்சிலால் கணக்குப் போட்டார். வெளியே இருந்து வரும் ஆர்டர் மாறாமல் இருந்தாலும் உள்ளே ஆட்டம் நிற்காது என்று தெரிந்தது. ஆளை எடுப்பதும் அனுப்புவதும் எப்போது என்று அவர்கள் வைத்திருந்த நியாயமான விதிகளே அந்த ஆட்டத்தை உண்டாக்கின.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது பென்சில். பின்னால் அவருடைய மாணவர்கள் வட்டத்தில் இருந்துதான் 1972-இல் ‘வளர்ச்சியின் எல்லைகள்’ வந்தது. உலகம் முழுவதையும் ஒரு மாடலில் அடைத்த புத்தகம். அதை எழுதியவர்களில் ஒருவரான டொனெல்லா மெடோஸ், அதற்குச் சில வருஷம் முன்னால், இங்கிலாந்தில் இருந்து இலங்கைவரை போய்த் திரும்பும் ஒரு வருஷப் பயணத்தில் இருந்தவர். அவர் வழியில் எந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தாரோ என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

என் மாடலை முதல்முறை காட்டிய இரவு, பொகோட்டாக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “தண்ணீர் கீழே போனால், உங்கள் ஊரில் யாருக்கு வலிக்கும்?” 

அதுதான் விஷயமே. சாதாரணமாகப் பார்த்தால், தண்ணீர் கீழே போகப்போக இறைக்கும் செலவு ஏற வேண்டும். செலவு ஏறினால் இறைப்பது குறைய வேண்டும். குறைந்தால் நீர்மட்டம் ஓரிடத்தில் நிற்க வேண்டும். தொட்டியும் அம்மாவும் சுவிட்சும் மாதிரி, தன்னைத்தானே சமன் செய்துகொள்ளும் வட்டம். தமிழ்நாட்டில் விவசாயப் பம்ப்செட்டுக்கு 1990-களின் தொடக்கத்தில் இருந்து மின்சாரம் இலவசம். பெரும்பாலான இணைப்புகளில் மீட்டரே கிடையாது. இருநூறு அடியில் இருந்து இறைத்தாலும் எண்ணூறு அடியில் இருந்து இறைத்தாலும் கரண்டு பில் பூஜ்யம். வட்டத்தின் ஒரு கம்பி அறுந்து தொங்குகிறது. இலவச மின்சாரத்தை நான் திட்டவில்லை. அது இல்லாவிட்டால் நான் படித்திருக்க மாட்டேன். ஆனால் அறுந்த கம்பி அறுந்த கம்பிதான். அது அறுந்த இடத்தில் வேறு எது வந்து உட்கார்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

கடன் வந்து உட்கார்ந்தது. அதை நான் முதல் நாளே மாடலில் வைத்திருந்தேன். தண்ணீர் குறைந்தால் வெள்ளாமை குறையும், வெள்ளாமை குறைந்தால் கடன் கட்ட முடியாது, கடன் கட்டத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்கு இன்னும் ஆழமாகப் போர், போருக்குப் புதுக் கடன். இன்னொரு வட்டமும் உண்டு: நீ ஆழமாகப் போட்டால் என் போர் வற்றும், நான் உன்னைவிட ஆழமாகப் போடுவேன், உன்னுடையது வற்றும்.

நெறியாளர் தயங்கினார். “பக்கத்து போர் சரி, அது நீரியல். கடனுக்கு டேட்டா எங்கம்மா? எடுத்துடு.” நியாயமான கேள்வி. எந்த அலுவலகத்திலும் போருக்கான கடன் என்று தனி ஏடு கிடையாது. கந்துவட்டிக்குக் கொடுப்பவர் எனக்கு எக்செல் ஃபைல் அனுப்பமாட்டார்.

அதைக் கூட்டத்தில் வைத்தேன். மணிலாக்காரர் ஃபாரஸ்டர் 1961-லேயே சொன்ன ஒன்றை எடுத்துப் போட்டார். அதன் சாரம் இது: எண் கிடைக்கவில்லை என்று ஒன்றை விட்டுவிட்டால், அதன் விளைவு பூஜ்யம் என்று நீ எழுதிவிட்டதாக அர்த்தம். தெரியாத எண்களிலேயே நிச்சயமாகத் தப்பு என்று தெரிந்த ஒரே எண் அந்தப் பூஜ்யம்தான். “ரெண்டு விதமாவும் ஓட்டு. முதல்ல நாங்க வரையறோம்.”

எல்லோரும் வரைந்தார்கள். கடன் இல்லாத மாடலுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி கோடுகள்: இறங்கி, தளர்ந்து, தாழ்வான ஓரிடத்தில் படுத்துக்கொள்ளும் கோடு. பயிர் செய்து பிரயோஜனம் இல்லை என்றதும் ஜனங்கள் மோட்டாரை நிறுத்துவார்கள், பூமி மூச்சு விட்டுக்கொள்ளும். கடன் உள்ள மாடலுக்கும் பலர் அதையேதான் வரைந்தார்கள், கொஞ்சம் தாமதமாக. நைரோபி அக்கா மட்டும் கோட்டைத் தாளின் அடிவிளிம்புவரை இழுத்தார். நான் அவரை மனசுக்குள் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவருக்குத் தெரியாது. அவருடைய ஆய்வு நகரத்துத் தண்ணீர் லாரிகளைப் பற்றியது. “கடன் இருக்கிறவர் நிறுத்தமாட்டார். நிறுத்தினால் அன்றைக்கே தோற்றுவிடுவார், ஓட்டினால் நாளைக்குத்தான் தோற்பார். எங்கள் ஊரில் லாரி வாங்கியவர்களும் அப்படித்தான்.”

ரன் பட்டனை அழுத்தினேன். அக்காவின் கோடு வந்தது.

அந்த இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெறியாளரிடம் கொண்டுபோனேன். நெடுநேரம் பார்த்தார். “எங்க மாமனார் தோட்டம் இப்படித்தான் போச்சு” என்றார். கடன் மாடலில் நின்றது. எண்களுக்கு, முப்பது விவசாயிகளிடம் நேரில் போய்க் கேட்பது என்று முடிவானது.

முதல் ஆள் அப்பா. கேள்வித்தாளை நீட்டுவதற்கு முன்னால், கூட்டத்து வழக்கப்படி, தினசரிக் காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பென்சிலைக் கொடுத்தேன். “ஏனுங்கப்பா, நம்ம தண்ணி மட்டத்தை வரைஞ்சு காட்டுங்க. உங்க சின்ன வயசுல இருந்து.”

அவர் வரைந்ததை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். ரம்பப் பல் மாதிரி இருக்கும், ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஒரு ஏற்றம், ஒவ்வொரு சித்திரைக்கும் ஒரு இறக்கம். பற்கள் மெதுவாகத் தாளில் கீழே வருகின்றன. 2005-இல் ஒரே தூக்காக மேலே. “அந்த மழைக்குக் கிணத்துல கையில மோந்தமுங்கண்ணு.” அப்புறம் சரிவு. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது தாளின் அடிக்கு வந்துவிட்டார். அங்கே பென்சிலைத் தூக்கினார். இன்னொரு காலண்டர் தாளைக் கிழித்து முதல் தாளுக்குக் கீழே ஒட்டி வைத்தார். நடுவில் ஒரு சாண் இடம் காலியாக விட்டு, புதுத் தாளில் வேறொரு கோட்டைத் தொடங்கினார்.

“இது எதுக்குங்கப்பா எடையில விட்டுட்டீங்க?”

“அது கிணத்துத் தண்ணி. இது போர்த் தண்ணி. ரெண்டும் ஒண்ணு கிடையாது. அதுக்கும் இதுக்கும் நடுவால வெறும் பாறை.”

எங்கள் பூமி கடும்பாறை. மேலே மக்கிய பாறையில் ஊறுவது ஒரு தண்ணீர், கீழே வெடிப்புகளில் ஒளிந்திருப்பது இன்னொரு தண்ணீர். மேலே இருப்பது ஒரு நல்ல மழைக்கு நிரம்பும், கீழே இருப்பது நிரம்ப வருஷக்கணக்காகும். மாடலில் ஒரே தொட்டியா, இரண்டு தொட்டியா என்று நான் மாசக்கணக்காக முடிவெடுக்காமல் வைத்திருந்தேன். அப்பாவின் இரண்டாவது காலண்டர் தாள் அதை முடித்துவைத்தது.

அடுத்த கூட்டத்தில் அந்தத் தாள்களைக் காட்டியபோது, நைரோபி அக்கா கேட்டார்: “இதை வரைந்தவர் ஏன் இங்கே இல்லை?”

அப்படித்தான் அப்பா ஒரு சனிக்கிழமை சட்டை மாட்டிக்கொண்டு, தலை வாரி, லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்தார். நான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன். நெதர்லாந்துப் பையன் தன் நாட்டில் ஏறக்குறைய கால்வாசி இடம் கடல்மட்டத்துக்குக் கீழே என்றும், இரவும் பகலும் தண்ணீரை வெளியே இறைத்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சொன்னான். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அவிங்களுக்கு வெளிய தள்ளோணும், நமக்கு மேல இழுக்கோணும். ரெண்டு பேரு பொழப்பும் மோட்டாருலதான் ஓடுதுன்னு சொல்லு” என்றார். சொன்னேன். அவன் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

“அடுத்த பத்து வருஷத்தையும் வரையுங்க” என்று கேட்டார்கள். அப்பா மறுத்துவிட்டார். “நடந்ததை வரையலாம். நடக்கப்போறதை வரைஞ்சா அது ஜோசியம்.” யாரும் வற்புறுத்தவில்லை. ‘வளர்ச்சியின் எல்லைகள்’ எழுதியவர்களும் இது ஜோசியமல்ல, இப்படி நடந்தால் இப்படி ஆகலாம் என்ற பல காட்சிகள்தான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதைக் காதில் வாங்கியவர்கள் குறைவு.

அந்த மாசியில் போர் ஏஜென்ட் வந்தார். திருச்செங்கோட்டு ரிக் வண்டி பக்கத்தில் இரண்டு ஊர் தள்ளி நிற்கிறது, இப்போதே அட்வான்ஸ் கொடுத்தால் அப்படியே இங்கே வந்துவிடும். ஆயிரம் அடி போட வேண்டியிருக்கும். கேசிங், மோட்டார், பைப், கேபிள் எல்லாம் சேர்ந்தால் மூன்று லட்சத்தைத் தாண்டும். எங்கள் போர் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைக்க வேண்டிய நிலைமை. மேற்குத் தோட்டத்துக்காரர் ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

அன்று ராத்திரி நான் அப்பாவிடம் மாடலை முழுசாக ஓட்டிக் காட்டினேன். இரண்டு தொட்டி, கடன், பக்கத்து போர் எல்லாம். கவனமாகப் பார்த்தார். எல்லாம் முடிந்ததும் கேட்டார்: “செரி. நான் போடலீன்னா அவன் போடுவான். போட்டா எனக்கு இருக்கறதும் போகும். உன்ற படம் அதைச் சொல்லுதா?”

“சொல்லுதுங்கப்பா.”

“அப்ப நான் என்ன பண்ணோணும்னு சொல்லுதா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கூட்டத்தில் கேட்டேன். வழக்கமாகப் பேசிக்கொண்டே இருக்கும் பொகோட்டாக்காரர்கூட மைக்கை அணைத்துவிட்டு இருந்தார். நைரோபி அக்காதான் பேசினார். “உன் அப்பா வட்டத்தைப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டதால் மட்டும் ஒருத்தரால் தனியாக வெளியே வந்துவிட முடியாது. அது வட்டத்தின் குணம், அவர் குணமில்லை.” அதற்கப்புறம் நாங்கள் இரண்டு கூட்டத்துக்கு என் மாடலைத் தொடவே இல்லை. வட்டத்தை வெட்டியவர்கள் யார் யார் என்று படித்தோம்.

டொனெல்லா மெடோஸ் ஓர் அமைப்பில் எங்கெங்கே கை வைக்கலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறார். மானியம், வரி மாதிரி எண்களைக் கூட்டிக் குறைப்பது அதில் கடைசி. யாருக்கு எந்தத் தகவல் போய்ச் சேருகிறது என்பது அதைவிட மேலே. அதற்கு அவர் சொல்லும் உதாரணம் ஆம்ஸ்டர்டாம் பக்கத்து வீடுகள். ஒரே மாதிரி கட்டிய வீடுகள், சிலவற்றில் மின்சார மீட்டர் நிலவறையில், சிலவற்றில் வாசல் கூடத்தில். வாசலில் கண்ணில் படும்படி மீட்டர் இருந்த வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு குறைவாகச் செலவாகியிருக்கிறது. விலை ஒன்றுதான், மீட்டர் இருந்த இடம்தான் வேறு. எங்கள் பக்கமோ நிலவறையில்கூட மீட்டர் இல்லை.

இன்னொன்றை எலினார் ஆஸ்ட்ரமைப் படிக்கும்போது கண்டடைந்தோம். பொதுச்சொத்தை அரசோ தனியாரோதான் காக்க முடியும் என்பதில்லை, ஜனங்களே விதி போட்டுக் காத்திருக்கிறார்கள் என்று காட்டி 2009-இல் பொருளாதார நோபல் வாங்கியவர் அவர். அங்கே இருந்து தேடிக்கொண்டு போனபோது நம் பக்கத்து மாநிலத்திலேயே ஒன்று இருந்தது. 2000-களில் ஆந்திரத்தின் ஏழு வறட்சி மாவட்டங்களில், நூற்றுக்கணக்கான கிராமங்களில், விவசாயிகளே தங்கள் கிணறுகளின் மட்டத்தையும் மழையையும் அளந்தார்கள். பட்டத்துக்கு முன்னால் கூடி, இருக்கும் தண்ணீர் இவ்வளவு, எந்தப் பயிருக்கு எவ்வளவு என்று வரவு செலவு போட்டார்கள். பயிரை மாற்று என்று யாரும் உத்தரவு போடவில்லை. கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது, அவ்வளவுதான். வயலிலேயே பள்ளிக்கூடம், ஒருவருக்கொருவர் வாத்தியார். படித்துக்கொண்டு வரும்போது மணிலாக்காரர் சொன்னார்: “இது நம்ம கூட்டம்தானே? கேமரா இல்லாம.”

அப்பா அந்த வருஷம் போர் போடவில்லை. என் மாடலால் என்று எழுத ஆசைதான். நிஜக் காரணம், கூட்டுறவு சொசைட்டியில் பழைய கடன் பாக்கி இருந்ததால் புதுக்கடன் கிடைக்கவில்லை. வெளியே வாங்குவதற்கு அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மேற்குத் தோட்டத்தில் ரிக் இரண்டு ராத்திரி ஓடியது. எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. ஆயிரத்து ஐம்பதில் அவருக்குத் தண்ணீர் வந்தது. வைகாசியில் எங்கள் மோட்டார் அரைமணி நேரத்தில் காற்றை இழுத்தது. தக்காளி போட்டிருந்த அரை ஏக்கரை அப்பா அப்படியே விட்டுவிட்டார்.

நான் எதிர்பார்க்காத ஒன்றை ஆனியில் செய்தார். வடக்குத் தோட்டத்து மாமாவையும் கிழக்கே இருக்கும் அண்ணனையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார். அமாவாசைக்கு அமாவாசை, மோட்டாரை நிறுத்தி வைத்துவிட்டு, ஓடாமல் கிடக்கும் போர்களில் மட்டம் பார்ப்பது. துறையில் இருந்து நான் கொண்டுவந்த நாடா இருந்தது, நுனி தண்ணீரைத் தொட்டதும் மேலே பீப் என்று கத்தும். பார்த்ததை எங்கள் மோட்டார் ரூம் சுவரில், ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி, சுண்ணாம்பில் எழுதுவது. பயிரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. “மொதல்ல எழுதுவோம். என்ன பண்றதுன்னு அப்புறம் பேசிக்கலாம்” என்றார். கிழக்கு அண்ணன் முதல் மாதம் சிரித்தார். மூன்றாவது மாதம் நாடாவை அவரே இறக்கினார். கார்த்திகையில் அவர் மஞ்சளைக் கைவிட்டு, சோளமும் கொள்ளும் விதைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒரு விவசாயியிடம் அதைக் கேட்டால் மூன்று காரணம் சொல்வார், நாலாவதுதான் நிஜமாக இருக்கும்.

இதற்கிடையில் எங்கள் கூட்டம் தேய்ந்தது. அதுவும் ஒரு தொட்டிதானே. வரத்து, யாரோ ஒருவர் நண்பரிடம் சொல்லி அழைத்துவருவது. செலவு, ஆய்வேட்டை ஒப்படைப்பது, வேலை, குழந்தை, நிதி நின்றுபோவது. ஆள் குறைந்தால் கேள்வி குறையும், கேள்வி குறைந்தால் வருவதில் பலன் குறையும், பலன் குறைந்தால் ஆள் குறையும். நாங்கள் மூன்று பேராகிவிட்ட ஒரு மழைக்கால இரவில், இதையே மாடலாகப் போட்டுப் பார்த்தோம். எதைத் தொட்டால் கோடு நிமிர்கிறது என்று தேடினோம். விளம்பரமும் இல்லை, நல்ல தலைப்புகளும் இல்லை. புதிதாக வருகிறவர் எத்தனாவது கூட்டத்தில் தன் சொந்த மாடலைக் காட்டுகிறார் என்பதுதான். ஆறாவது கூட்டம்வரை காத்திருக்கிறவர் ஐந்தாவதிலேயே போய்விடுகிறார். அதனால் இப்போது இரண்டாவது கூட்டத்திலேயே, அரைகுறையாக இருந்தாலும், காட்டியாக வேண்டும். முடிக்காததைக் காட்டுவதுதான் நுழைவுக் கட்டணம். இப்போது ஏழு பேர் இருக்கிறோம். நைரோபி அக்கா ஒரு நகராட்சி வேலைக்குப் போய்விட்டார். அவரால் மாதம் ஒருமுறைதான் வர முடிகிறது, வரும்போது இன்றும் கோட்டை முதலில் உயர்த்திப் பிடிப்பவர் அவர்தான்.

மேற்குத் தோட்டத்துக்காரர் இன்னும் அளக்க விடவில்லை. அப்பா இரண்டு முறை போய்க் கேட்டார். “எத்தனை அடியில தண்ணின்னு தெரிஞ்சா ஊரே கண்ணு வெக்கும்” என்றாராம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆயிரத்து ஐம்பது அடிக்கு வாங்கிய கடன் அவர் தலையில் இருக்கிறது. என் மாடலில் அடிவிளிம்புவரை இறங்கும் கோடு அவருடையதுதான். 

போன கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டாள்: “அளக்க விடாத அந்த நாலாவது ஆளை மாடலில் எப்படி வைப்பாய்?” மணிலாக்காரர் சிரித்தார், அவர் சொல்லப்போவது எல்லோருக்கும் தெரியும். விட்டுவிட்டால் பூஜ்யம் என்று எழுதியதாக அர்த்தம்.

மோட்டார் ரூம் சுவரில் நான்கு கட்டங்கள் இருக்கின்றன. மூன்றில் மாதாமாதம் எண் ஏறுகிறது. நாலாவதில் மேற்குத் தோட்டம் என்று தலைப்பு மட்டும், கீழே ஒவ்வொரு அமாவாசைக்கும் தேதி. தேதிக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. மழைக்குச் சுண்ணாம்பு கரையும்போதெல்லாம் அப்பா அந்த வெறும் தேதிகளையும் சேர்த்துத்தான் திரும்ப எழுதுகிறார்.